ட்ரெட்நாட் போர்க்கப்பல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்ரெட்நாட் என்பது ஒரு கப்பலின் பெயரா, ஒரு வகையின் பெயரா?

இரண்டும்தான். 1906 டிசம்பரில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த எச்.எம்.எஸ். ட்ரெட்நாட் என்ற கப்பலின் அமைப்பைப் பின்பற்றி உலகின் பல நாடுகள் கட்டிய போர்க்கப்பல்கள் அனைத்தையும் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். அதற்கு முந்தைய போர்க்கப்பல்களில் 12 அங்குலப் பீரங்கிகள் பெரும்பாலும் நான்கு மட்டுமே இருக்கும். அவற்றோடு 6 அங்குலம், 9 அங்குலம் எனப் பல அளவுகளில் சிறிய பீரங்கிகளும் கலந்திருக்கும். ட்ரெட்நாட் இந்தக் கலப்பை விட்டுவிட்டு, ஐந்து சுழலும் கவசக் கூண்டுகளில் இரண்டிரண்டாகப் பத்து 12 அங்குலப் பீரங்கிகளைத் தாங்கியது. அவற்றில் எட்டை ஒரே பக்கமாகச் சுட முடியும். சுமார் 160 மீட்டர் நீளமும் 18,000 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அக்கப்பல் மணிக்கு 21 கடல் மைல் வேகத்தில் சென்றது. 1912 தொடக்கத்தில் 13.5 அங்குலப் பீரங்கிகளுடன் ஓரியன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் பணிக்கு வந்தபோது, ஆறு ஆண்டுகூட நிறையாத முதல் ட்ரெட்நாட் பழைய கப்பலாகிவிட்டது.

ஒரே அளவுப் பீரங்கிகளை வைப்பதால் அப்படி என்ன நன்மை?

எட்டு, பத்து கிலோமீட்டருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கப்பலை, தானும் ஓடிக்கொண்டே, அலைகளில் ஆடிக்கொண்டே இன்னொரு கப்பல் சுட வேண்டும். முதல் குண்டு இலக்கில் விழும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. குண்டுகள் கடலில் விழும்போது பனைமர உயரத்தையும் தாண்டி எழும் நீர்த்தூண்களை உயர்ந்த கம்பத்தில் இருக்கும் அதிகாரி பார்த்து, அவை இலக்குக்கு முன்னே எழுந்தனவா, பின்னே எழுந்தனவா என்று சொல்ல, அதற்கேற்பப் பீரங்கிகளின் கோணத்தைத் திருத்துவதே அக்காலத்து முறை. பல அளவுப் பீரங்கிகள் ஒன்றாகச் சுடும் கப்பலில், எந்த நீர்த்தூண் எந்தப் பீரங்கியுடையது என்று பிரித்தறிவது கடினம். குண்டுகள் பறக்கும் நேரமும் பீரங்கிக்குப் பீரங்கி மாறுபடும். எல்லாப் பீரங்கிகளும் ஒரே அளவானால் எல்லாக் குண்டுகளும் ஒரே கணக்கில் பறந்து ஒரே சமயத்தில் விழும். ஒரு திருத்தம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோக்களின் வீச்சு ஆண்டுதோறும் கூடிக்கொண்டிருந்ததால், தொலைவிலிருந்தே போரிட வேண்டிய தேவையும் சேர்ந்துகொண்டது. ஆயினும் முதல் ட்ரெட்நாட் குறையற்ற கப்பல் அல்ல. அதன் கண்காணிப்புக் கம்பத்தை முதல் புகைபோக்கிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். கப்பலின் முழுப் பயனும் கம்பத்தின் உச்சியில் இருப்பவரின் கண்களை நம்பியிருக்க, சூடான கரும்புகை அந்தக் கண்களையே மறைத்தது.

இது அட்மிரல் ஃபிஷர் ஒருவரின் சிந்தனையா?

அல்ல. இத்தாலியக் கப்பல் வடிவமைப்பாளர் விட்டோரியோ குனிபெர்ட்டி 1903இலேயே இத்தகைய கப்பலைப் பற்றி எழுதியிருந்தார். அமெரிக்கர்கள் சவுத் கரோலினா வகையை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். கூண்டுகள் அனைத்தையும் கப்பலின் நடுக்கோட்டில், ஒன்றின் மேல் ஒன்று சுடும்படி அடுக்கிய அந்த அமைப்பு ட்ரெட்நாட்டின் அமைப்பைவிடச் சிறந்தது என்பதைப் பிற்காலம் காட்டியது. ஜப்பானும் சட்சுமா என்ற கப்பலைப் பன்னிரண்டு 12 அங்குலப் பீரங்கிகளோடு திட்டமிட்டு, போதிய பீரங்கிகள் கிடைக்காமல் நான்கோடு நிறுத்திக்கொண்டது.

1904 அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைப் பொறுப்பேற்ற ஜான் ஃபிஷரின் சாதனை, எல்லோருக்கும் முன்பாக அதைக் கட்டி முடித்ததே. 1905 அக்டோபர் 2 அன்று போர்ட்ஸ்மத் தளத்தில் அடித்தளம் இடப்பட்ட கப்பலை 1906 பிப்ரவரி 10 அன்று ஏழாம் எட்வர்ட் மன்னர் நீரில் இறக்கினார். அக்டோபரில் அது வெள்ளோட்டத்துக்குச் சென்றது. இரும்புத் தகடுகளை முன்கூட்டியே சேமித்து வைத்ததும், வேறு இரு கப்பல்களுக்காகச் செய்யப்பட்டுக்கொண்டிருந்த பீரங்கிகளை இதற்குத் திருப்பிவிட்டதும் அந்த வேகத்துக்குக் காரணங்கள்.

டர்பைன் எந்திரம் ஏன் அவ்வளவு முக்கியமாகக் கருதப்படுகிறது?

பழைய உந்துதண்டு நீராவி எந்திரங்களை முழு வேகத்தில் சில மணி நேரம் ஓட்டினாலே அதிர்வில் தாங்கிகள் சூடேறி உடையத் தொடங்கும். சார்லஸ் பார்சன்ஸ் உருவாக்கிய நீராவி டர்பைன் அந்தத் தொல்லையின்றிப் பல மணி நேரம் உயர் வேகத்தைத் தாங்கியது. ஒரு பெரிய போர்க்கப்பலில் அதைப் பொருத்தும் துணிவு முதலில் ட்ரெட்நாட்டில்தான் காட்டப்பட்டது.

ஆனால் எரிபொருள் பெரும்பாலும் நிலக்கரியாகவே இருந்தது. ட்ரெட்நாட்டின் பதினெட்டுக் கொதிகலன்களுக்கு மண்வெட்டியால் கரி அள்ளிப் போட்டவர்கள் மனிதர்கள். துறைமுகத்துக்குத் திரும்பியவுடன் ஓய்வு கிடையாது. அதிகாரிகள் உட்படக் கப்பலில் உள்ளவர்கள் இறங்கி, நூற்றுக்கணக்கான டன் கரியை மூட்டை மூட்டையாக ஏற்ற வேண்டும். போர் வரலாறுகள் தளபதிகளைப் பற்றி எழுதும் அளவுக்கு, கப்பலின் அடித்தளத்தில் வெளிச்சமும் காற்றுமின்றி உழைத்த இந்தக் கரித்தொழிலாளர்களைப் பற்றி எழுதுவதில்லை. கப்பல் மூழ்கும்போது மேலே ஏறிவர மிகக் குறைந்த வாய்ப்பே பெற்றிருந்தவர்களும் இவர்கள்தாம். குவீன் எலிசபெத் வகைக் கப்பல்கள் முழுவதும் எண்ணெய்க்கு மாறிய பிறகே இந்தச் சுமை குறையத் தொடங்கியது.

ஜெர்மனி ஏன் போட்டியில் இறங்கியது?

அட்மிரல் டிர்பிட்ஸ் 1898இலும் 1900இலும் கொண்டுவந்த கடற்படைச் சட்டங்களிலேயே போட்டி தொடங்கிவிட்டது. ட்ரெட்நாட்டின் வருகை பழைய கப்பல்களின் மதிப்பை ஒரே நாளில் குறைத்தபோது, பிரிட்டன் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த எண்ணிக்கை மேன்மையும் சேர்ந்தே குறைந்தது. ஜெர்மனி ஏறக்குறையச் சமமான இடத்திலிருந்து தொடங்க முடிந்தது. புதிய கப்பல்கள் பால்டிக் கடலுக்கும் வட கடலுக்கும் இடையே சென்றுவர வேண்டும் என்பதற்காகவே கீல் கால்வாயை அகலப்படுத்தும் பெரும்பணியையும் அது ஏற்றுக்கொண்டது. அந்த வேலை போர் மூள்வதற்குச் சில வாரங்கள் முன்பு, 1914 ஜூனில்தான் முடிந்தது.

துருக்கிக்காகக் கட்டிய கப்பல்களைப் பிரிட்டன் எடுத்துக்கொண்டது உண்மையா?

உண்மை. பிரேசில் கேட்டுப் பிறகு விற்றுவிட்ட ஒரு கப்பலை உஸ்மானியப் பேரரசு (அன்றைய துருக்கி) வாங்கி, சுல்தான் உஸ்மான் என்று பெயரிட்டிருந்தது. ரெஷாதியே என்ற இன்னொரு கப்பலும் பிரிட்டனில் முடியும் நிலையில் இருந்தது. இவற்றுக்காகத் துருக்கிய மக்களிடம் நன்கொடையும் திரட்டப்பட்டிருந்தது. 1914 ஆகஸ்டில் பிரிட்டன் இரண்டையும் கைப்பற்றி, அஜின்கோர்ட், எரின் என்று பெயர் மாற்றித் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அந்த மாதமே ஜெர்மனியின் கோபன் என்ற போர்க் குரூசர் (பெரும் பீரங்கிகளும் மிகுந்த வேகமும் கொண்ட கப்பல்) இஸ்தான்புல்லை அடைந்து துருக்கிக் கொடியை ஏற்றியது. துருக்கி ஜெர்மனியின் பக்கம் சாய்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஒரு மக்கள் காசு கொடுத்துக் காத்திருந்த கப்பலைப் பறித்தது அவர்களின் கோபத்துக்கு நியாயம் சேர்த்தது என்றே நான் கருதுகிறேன்.

மலாயா என்ற பெயரில் ஒரு ட்ரெட்நாட் இருந்ததாமே?

இருந்தது. குவீன் எலிசபெத் வகையைச் சேர்ந்த எச்.எம்.எஸ். மலாயாவின் செலவை ஐக்கிய மலாய் மாநிலங்களின் அரசு ஏற்றது. அந்த மாநிலங்களின் வருவாய் வெள்ளீயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் வந்தது. ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள். எட்டு 15 அங்குலப் பீரங்கிகள் கொண்ட அந்தக் கப்பலுக்குப் பின்னால் அவர்களுடைய உழைப்பும் இருந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். 1916இல் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாந்துப் போரில் மலாயா கடுமையாகத் தாக்கப்பட்டு, அதில் இருந்தவர்களில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

சென்னையைத் தாக்கிய எம்டன் ட்ரெட்நாட் வகைதானே?

அல்ல. எம்டன் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து கொண்ட சிறு குரூசர். எடையில் ட்ரெட்நாட்டில் நான்கில் ஒரு பங்குகூட இராது. கார்ல் ஃபொன் முல்லர் தலைமையில் அது 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற குரூசரிடம் தோற்றது. இந்தியப் பெருங்கடலில் இப்படி ஒரு சிறு கப்பல் வாரக்கணக்கில் உலவ முடிந்ததற்கு, பிரிட்டன் தன் பெரும் கப்பல்களை வட கடலில் குவித்து வைத்திருந்ததும் ஒரு காரணம்.

முதல் ட்ரெட்நாட் போரில் என்ன செய்தது?

மேற்சொன்ன அதே 1914 செப்டம்பர் 22 அன்று காலையில், வட கடலில் ஓட்டோ வெடிகனின் யு-9 நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை அடுத்தடுத்து மூழ்கடித்து, 1,400க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்திருந்தது. அந்த வெடிகன் 1915 மார்ச் 18 அன்று யு-29 என்ற இன்னொரு நீர்மூழ்கியில் ஸ்காட்லாந்தின் வடக்கே பிரிட்டிஷ் கப்பற்படையை நெருங்கினார். அவருடைய பெரிஸ்கோப்பைக் கண்ட ட்ரெட்நாட், பீரங்கிகளைப் பயன்படுத்தாமல் நேராகப் பாய்ந்து மோதி நீர்மூழ்கியை மூழ்கடித்தது. அதிலிருந்து ஒருவரும் பிழைக்கவில்லை.

பெரும் பீரங்கிப் போருக்காகவே பிறந்த கப்பல் பகைவரின் கலத்தைத் தன் முகப்பால் இடித்து அழித்தது அந்த ஒரு முறைதான். ஜட்லாந்துப் போரின்போது அது பழுதுபார்ப்பில் இருந்தது. பிறகு தேம்ஸ் முகத்துவாரப் பகுதியில் பழைய கப்பல்களுக்குத் தலைமை தாங்கியது. 1921இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது.

ஜட்லாந்தில் என்னதான் நடந்தது?

1916 மே 31 பிற்பகலில், டென்மார்க்கின் மேற்கே, 151 பிரிட்டிஷ் கப்பல்களும் 99 ஜெர்மன் கப்பல்களும் சந்தித்தன. பிரிட்டனிடம் 28 ட்ரெட்நாட்கள், ஜெர்மனியிடம் 16. முதலில் மோதியவை வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்துக் கட்டப்பட்ட போர்க் குரூசர்கள். பிரிட்டிஷ் அட்மிரல் பீட்டியின் குரூசர்களை ஜெர்மன் அட்மிரல் ஹிப்பர் தெற்கே தம் முதன்மைப் படையை நோக்கி இழுத்துச் சென்றார். அதற்குள் பிரிட்டிஷ் குரூசர்களான இண்டிஃபேட்டிகபிளும் குவீன் மேரியும் வெடித்துச் சிதறின. ஜெர்மன் முதன்மைப் படையைக் கண்ட பீட்டி வடக்கே திரும்பி, இம்முறை ஜெர்மானியரை பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஜெல்லிகோவின் பெரும்படையை நோக்கி இழுத்துவந்தார்.

ஜெல்லிகோ எடுத்த முடிவுதான் அன்றைய நாளின் உயிர்நாடி. ஆறு வரிசைகளாக வந்துகொண்டிருந்த ட்ரெட்நாட்களை ஒற்றை வரிசையாக விரிக்க வேண்டும். எந்தப் பக்கம் விரிப்பது என்பது பகைவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. வந்த செய்திகளோ ஒன்றுக்கொன்று முரணானவை, கண்ணெதிரே புகையும் மூடுபனியும். இடப்புற வரிசையைத் தொடர்ந்து மற்றவை வரும்படி அவர் விரித்தார். மூடுபனியிலிருந்து வெளிப்பட்ட ஜெர்மன் தலைமைத் தளபதி ஷேயரின் கப்பல்கள் தங்களுக்குக் குறுக்கே பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பீரங்கி நெருப்பைக் கண்டன. முன்னணிக் கப்பல்கள் மட்டுமே திருப்பிச் சுட முடியும் என்ற நிலையில், தம் கப்பல்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் திரும்பச் சொல்லி ஷேயர் தப்பினார். சிறிது நேரத்தில் அவர் மறுபடி அதே வரிசையின் முன் வந்து மாட்டிக்கொண்டு, சேதமுற்ற தம் போர்க் குரூசர்களைப் பாயச் சொல்லியும் டார்பிடோப் படகுகளை ஏவியும் இரண்டாம் முறை விலகினார். டார்பிடோக்களுக்கு அஞ்சி ஜெல்லிகோவும் திரும்பினார், தொடர்பு அறுந்தது. இரவில் ஜெர்மானியர் பிரிட்டிஷ் படையின் பின்புறமாக ஊடுருவி ஊர் சேர்ந்தனர். அவர்கள் செல்லும் வழியைக் காட்டும் கம்பியில்லாத் தந்திச் செய்தியை லண்டனில் உடைத்துப் படித்திருந்தும், அது ஜெல்லிகோவுக்கு அனுப்பப்படவில்லை.

பிரிட்டிஷ் தரப்பில் 6,094 பேரும் ஜெர்மன் தரப்பில் 2,551 பேரும் மாண்டனர். ட்ரெட்நாட் வகைப் போர்க்கப்பல் ஒன்றுகூட, எந்தத் தரப்பிலும், அன்று மூழ்கவில்லை.

அப்படியானால் போர்க் குரூசர்கள் மட்டும் ஏன் வெடித்தன?

மெல்லிய கவசம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது காரணத்தின் ஒரு பகுதியே. 1915 ஜனவரியில் டாகர் பேங்க் போரில் ஜெர்மனியின் செய்ட்லிட்ஸ் கப்பலின் பின்புறக் கூண்டில் குண்டு பாய்ந்து, தீ அடுத்த கூண்டுக்கும் பரவி 159 பேரைக் கொன்றது. வெடிமருந்துக் கிடங்கை நீரால் நிரப்பியதால் கப்பல் பிழைத்தது. ஜெர்மானியர் அதிலிருந்து பாடம் கற்று, கூண்டுகளில் திறந்து கிடக்கும் வெடிமருந்தின் அளவைக் குறைத்தனர். பீட்டியின் கப்பல்களிலோ அதற்கு நேர்மாறு. விரைவாகச் சுட வேண்டும் என்ற ஆவலில் கிடங்குக் கதவுகளைத் திறந்தே வைத்து, பட்டுப் பைகளில் கட்டிய கார்டைட் என்ற வெடிமருந்தை வழியெங்கும் அடுக்கியிருந்தார்கள். கூண்டில் பற்றிய தீ அந்த வழியே கிடங்கை எட்டியது.

இண்டிஃபேட்டிகபிளில் 1,017 பேரும், குவீன் மேரியில் 1,266 பேரும், மாலையில் வெடித்த இன்வின்சிபிளில் 1,026 பேரும் இறந்தனர். இன்வின்சிபிளில் பிழைத்தவர்கள் ஆறே பேர். பீட்டியின் தலைமைக் கப்பலான லயனும் அதே வழியில் போயிருக்கும். அதன் நடுக்கூண்டில் படுகாயமுற்றுக் கிடந்த மேஜர் பிரான்சிஸ் ஹார்வி கிடங்கை நீரால் நிரப்பும்படி ஆணையிட்டார். அவர் இறந்தார், கப்பல் தப்பியது. அவருக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. இத்தனை உயிர்கள் பகைவரின் திறமையால் மட்டுமன்றி, தடுத்திருக்கக்கூடிய ஒரு பழக்கத்தாலும் போயின.

வென்றது யார்?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஜெர்மனி. ஆனால் போர் முடிந்த மறுநாளும் ஜெல்லிகோவின் படை கடலுக்குச் செல்லத் தயாராக இருந்தது. வட கடலின் வாயில்கள் முன்போலவே மூடியிருந்தன. ஷேயரே 1916 ஜூலையில் பேரரசருக்கு எழுதிய அறிக்கையில், பிரிட்டனைப் பணியவைக்க நீர்மூழ்கிப் போரே வழி என்றார். 1917 பிப்ரவரியில் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போர் தொடங்கியது. ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது.

ட்ரெட்நாட்கள் பெரும்பாலும் சும்மா நின்றன என்ற குறைகூறலை நான் ஏற்பதில்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளின் ஸ்காப்பா ஃப்ளோ தளத்தில் அவை நின்றதால்தான், ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே முற்றுகை நடத்திய எளிய கப்பல்களை ஜெர்மன் கடற்படை துரத்த முடியவில்லை. அந்த முற்றுகை ஜெர்மனியின் போர்த்திறனைக் குலைத்தது. போரோடு தொடர்பில்லாத முதியோரையும் குழந்தைகளையும் பட்டினி போட்டதும் அதுவே. இரண்டையும் சேர்த்தே ட்ரெட்நாட்களின் கணக்கில் எழுத வேண்டும்.

போரில் மூழ்கிய ட்ரெட்நாட்களே இல்லையா?

உண்டு, ஆனால் அவற்றை அழித்தவை பெரும் பீரங்கிகள் அல்ல. ஸ்காப்பாவில் நீர்மூழ்கித் தடுப்பு இல்லாததால் அயர்லாந்துக்கு நகர்ந்திருந்த பிரிட்டிஷ் படையிலிருந்து பயிற்சிக்குச் சென்ற ஆடேஷியஸ், 1914 அக்டோபர் 27 அன்று கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. ஒலிம்பிக் பயணிகள் கப்பலில் இருந்தவர்கள் அதைக் கண்ணால் கண்டு படமும் எடுத்திருந்தும், பிரிட்டிஷ் அரசு போர் முடியும்வரை அந்த இழப்பை ஒப்புக்கொள்ளவில்லை.

துறைமுகத்தில் நின்றபடியே வெடித்தவை பல. இத்தாலியின் லியனார்டோ டா வின்சி 1916 ஆகஸ்டில் டரன்டோவிலும், ரஷ்யாவின் இம்ப்பெரட்ரிட்சா மரியா அதே ஆண்டு அக்டோபரில் செவஸ்தபோலிலும், ஜப்பானின் கவாச்சி 1918 ஜூலையில் டொகுயாமா விரிகுடாவிலும் அழிந்தன. 1917 ஜூலை 9 இரவில் ஸ்காப்பா ஃப்ளோவில் வான்கார்டு வெடித்தபோது 800க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஆஸ்திரிய-ஹங்கேரியின் செண்ட் இஷ்ட்வானை 1918 ஜூன் 10 அன்று லூயிஜி ரிட்சோவின் சிறு மோட்டார் படகு டார்பிடோவால் வீழ்த்தியது. அது கவிழும் காட்சி உடன் சென்ற கப்பலிலிருந்து படமாக்கப்பட்டது. நவம்பர் 1 அன்று இரு இத்தாலியர் போலா துறைமுகத்துக்குள் நீந்திச் சென்று ஆஸ்திரிய-ஹங்கேரியின் விரிபஸ் யூனிடிஸ் என்ற ட்ரெட்நாட்டில் வெடிகுண்டைப் பொருத்தினர். பேரரசு உடைந்து, முந்தைய நாள்தான் அக்கப்பல் யூகோஸ்லாவியரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பது அந்த இத்தாலியருக்குத் தெரியாது.

ஜெர்மன் ட்ரெட்நாட்களின் முடிவு என்ன?

1918 அக்டோபர் இறுதியில் கடைசியாக ஒரு பெரும் மோதலுக்குப் புறப்பட ஆணை வந்தபோது, தோல்வி உறுதியான போரில் வீணே சாக மறுத்து மாலுமிகள் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் கிளர்ந்தனர். கீல் நகருக்குப் பரவிய கிளர்ச்சி பேரரசையே கவிழ்த்தது. போர் நின்றபின் ஸ்காப்பா ஃப்ளோவில் சிறைவைக்கப்பட்ட 74 ஜெர்மன் கப்பல்களை, அவை பகைவர் கைக்குப் போகக்கூடாது என்று, அட்மிரல் லுட்விக் ஃபொன் ராய்ட்டர் 1919 ஜூன் 21 அன்று மூழ்கடிக்க ஆணையிட்டார். 52 மூழ்கின. பெரும்பாலானவற்றைப் பின்னாளில் தூக்கி உடைத்துவிட்டார்கள். கூனிக், மார்க்கிராஃப், குரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம் ஆகிய மூன்று போர்க்கப்பல்கள் இன்றும் அங்கே கடலடியில் கிடக்கின்றன.

இரண்டாம் உலகப் போரிலும் இவை பயன்பட்டனவா? இன்று ஏதேனும் எஞ்சியுள்ளதா?

கடற்படைகளின் அளவைக் கட்டுப்படுத்திய 1922ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கையால் பல கப்பல்கள் உடைக்கப்பட்டன. எஞ்சியவை புதுப்பிக்கப்பட்டு இரண்டாம் போரிலும் உழைத்தன. ஜட்லாந்தில் திசைமாற்றி சிக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து அடிவாங்கிய வார்ஸ்பைட், 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டுவீசித் தாக்கியபோது, இலங்கைக் கடற்பகுதியில் அட்மிரல் சோமர்வில்லின் தலைமைக் கப்பலாக இருந்தது.

முழுக் கப்பலாக எஞ்சியிருப்பது, 1914 மார்ச்சில் பணியில் சேர்ந்த அமெரிக்காவின் டெக்சாஸ் ஒன்றே. நார்மண்டித் தரையிறக்கத்தின்போதும் தன் 14 அங்குலப் பீரங்கிகளால் சுட்ட அக்கப்பல், 1948 முதல் டெக்சாஸ் மாநிலத்தில் அருங்காட்சியகமாக இருந்துவந்தது. அடிப்பகுதி துருப்பிடித்து நீர் கசிந்ததால், 2022 ஆகஸ்டில் கால்வெஸ்டன் உலர்துறைக்கு இழுத்துச் செல்லப்பட்டு அடித்தகடுகள் மாற்றப்பட்டன. டெக்சாஸில் இருப்பது டர்பைன் அல்ல, பழைய உந்துதண்டு நீராவி எந்திரம். அது இன்னும் கப்பலுக்குள்ளேயே இருக்கிறது.